முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகள்

எங்கள் கூட்டத்துக்குப் பேர் கிடையாது. போஸ்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது. நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஃபோனில் ஒரு படம் வரும். தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள், அவ்வளவுதான். அதில் ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் இருக்கும். சுபமுகூர்த்தம் என்று மட்டும் இருக்காது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஒரு குதி குதிக்கும். பல் மருத்துவம் படிக்க மலேசியாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவப் பெண், பஞ்சாங்கம் பார்த்துத் துள்ளுகிறாள் என்று கிள்ளானில் எங்கள் சபைக்குத் தெரிந்திருந்தால் எனக்காகத் தனியாக ஒரு ஜெபக்கூட்டமே வைத்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மேலே மணமேடை, கீழே தரைக்கு அடியில் சாப்பாட்டுக் கூடம். கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கீழ்க்கூடம் எங்களுடையது. அங்கே சீரியல் செட் விளக்கு கட்டுகிற ஒரு அண்ணன் எங்கள் கூட்டத்தில் கானா பாடுவார். சாவி அவரிடம் இருக்கும். ஆடியும் மார்கழியும் எங்களுக்குத் திருவிழா மாதங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊர் தள்ளிவைத்த நாட்களைப் பொறுக்கியெடுத்து நாங்கள் வைத்துக்கொள்வோம். ராப், கானா, அரை மணி நேர நாடகம், நல்ல வார்த்தைக் கவிதை, கெட்ட வார்த்தைக் கவிதை, எது வேண்டுமானாலும் செல்லும். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடித்துவிடுவோம். பாதிப் பேர் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள், விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பொய்காரக் கூட்டத்தில் நான்தான் சீனியர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே கிளினிக் டூட்டி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருஷமாக, ஒரே பொய். என் அம்மா கிள்ளானில் ஒரு கிளவுஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவர். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்ததெல்லாம் அந்தக் கிளவுஸ்தான். பள்ளிக்கூடத்தில் நாடகப் போட்டியில் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் நாடகமே படிக்கிறேனே என்று ஒரு நாள் கேட்டேன். அம்மா கத்தவில்லை. "நான் ஓவர்டைம் பாக்கறது நீ மேடையில நிக்கறதுக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

அப்படிப்பட்ட நான் இந்தக் கூட்டத்துக்குள் போய் விழுந்ததற்குக் காரணம் ஒரு கடைவாய்ப்பல். மூன்றாவது வருஷம், கிளினிக்கில் என் நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் வீடு, குரோம்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் வேலை. ரூட் கெனால் செய்ய வேண்டியிருந்தது. வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நான் பதறிப் பதறி நிறுத்தினேன். துப்பிவிட்டு எழுந்தவள், வலியெல்லாம் இல்லை, உள்ளுக்குள் வரி ஓடிக்கொண்டிருந்தது என்றாள். அடுத்த ஊசியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் போட்டுவிடாதே, புரோகிராம் இருக்கிறது, வாய் மரத்துப் போனால் காலி என்றாள். என்ன புரோகிராம் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். சனிக்கிழமை என் நம்பருக்கு, மறுநாள் தேதி போட்ட காலண்டர் தாள் ஒன்று வந்தது.

முதல் நாள் படியிறங்கினபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வாழை இலை, சாம்பார், பினாயில், மூன்றும் சேர்ந்த வாசனை. சாப்பாட்டு மேஜை நாலைச் சேர்த்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்தால் அதுதான் மேடை. போன கல்யாணத்தில் மிஞ்சிய சீரியல் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக ஓடும். பின்சுவரில் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கண்ணாடி. மேடையேறப் போகிறவர்கள் அங்கே போய் நின்று வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்து யாருடைய முறையோ அவர் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆமாம், ரிசப்ஷனுக்குப் போடுகிற அதே சிவப்பு வெல்வெட் சிம்மாசனம்தான். உட்கார்ந்துவிட்டால் எழுந்து ஓட முடியாது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை தட்டினால் தெருவுக்குக் கேட்கும் என்று எவர்சில்வர் டம்ளரை மேஜையில் தட்டுவார்கள். அது அதைவிடப் பெரிய சத்தம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்று என் பேஷன்ட் மேடையேறினாள். நான் பாதி அடைத்து வைத்திருந்த பல்லோடு, ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசாங்கம் தங்களைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டாவது மாடியில் வைத்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். லிஃப்ட் ஓடாத நாளில் மாடிப்படி ஏறுகிற மாதிரியே அந்தத் தாளம் ஏறியது. ஐயோ, இவ்வளவு நாள் நான் எங்கே இருந்தேன் என்று இருந்தது. டம்ளரைத் தட்டித் தட்டி, அது ஒரு பக்கம் சப்பிப்போன பிறகுதான் விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. ஜமக்காளம் விரித்தேன், பெருக்கினேன், நாடகத்தில் பிணமாகப் படுத்தேன். மேடையேற மட்டும் பயம். கடைசியில் போன மார்கழியில் துணிந்து ஒன்று எழுதி ஏறினேன். அதில்தான் ஒரு கூத்து பண்ணினேன். நான் எழுதியது முழுக்க மெட்ராஸ் பாஷை. இன்னா, கீது, வந்துகினு என்று ஒரு வார்த்தை விடவில்லை. அப்படிப் பேசினால்தான் இங்கே செல்லும் என்று ஒரு நினைப்பு. முடித்தேன். டம்ளர்கள் தட்டின, ஆனால் மரியாதைக்கு. மொய் எழுதுகிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே, அந்த மாதிரி.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பெரும்பாக்கத்துக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நீ இன்னாத்துக்கு டாக்டர் எங்கள மாதிரி பேசிகினு கீற? அதுக்குத்தான் நாங்க கீறோமே. உங்க வூட்ல எப்டி பேசுவீங்களோ அத்த எடுத்துகினு வா."

கோபம் வந்தது. அறைக்குப் போய் அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டுப் பேச்சை நான் சென்னைக்கு வந்த முதல் வாரமே மூட்டை கட்டி வைத்துவிட்டேன். காலையில் யாரோ ஒருத்தியிடம் பசியாறிட்டியா என்று கேட்டேன், மெஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு இங்கே நான் யாரிடமும் பசியாறவில்லை, டிஃபன் சாப்பிட்டேன்.

அந்த மாதம் ஒரு நாள் கிளினிக்கில் புது கிளவுஸ் பெட்டியைப் பிரித்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் மலேசியாவில் தயாரித்தது என்று இருந்தது. இத்தனை வருஷமாக அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணில் பட்டது. இது அம்மா பார்த்து அனுப்பியதாகக் கூட இருக்கலாமே என்று நினைத்தேன். பேஷன்ட் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவின் வேலை எனக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான்: கிளவுஸுக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு வந்தால் ஓட்டை. என் நிகழ்ச்சியும் அதேதான். மேடையில் ஒரு கிளவுஸில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவேன், அது தொங்குகிற இரண்டு நிமிஷமும் அம்மாவைப் பற்றிப் பேசுவேன், எங்கள் வீட்டுத் தமிழில். அந்த இரண்டு நிமிஷமும் அம்மா மனசுக்குள் என்ன நினைப்பார் என்று நானே கற்பனை பண்ணிக் கடைசியில் ஆறு வரி வைத்திருந்தேன். அந்த ஆறு வரியில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

ஆடி வந்தது. பட்டமளிப்பு விழாவுக்காக அம்மாவும் வந்தார். கடைசி வருஷம் நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சர் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன், அம்மாவும் அங்கேயே தங்கினார். புதன்கிழமை எங்கள் இருவருக்கும் ஃப்ளைட். அதற்கு முந்தின ஞாயிறுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஞாயிறு. இதை விட்டால் அந்த மேடை எனக்கு இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, சொன்ன சுவடு தெரியாமல் ஊருக்குப் போய் டாக்டராகிவிடலாம் என்று கணக்கு.

அன்றைக்குத்தான் அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். காலையில் சர்ச்சில் திருமணம், சாயங்காலம் சர்ச் ஹாலில் ரிசப்ஷன். பத்திரிகை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருந்தது. அக்கா என்னையும் அம்மாவையும் வற்புறுத்திக் கூப்பிட்டார். நான் டூட்டி என்றேன். அம்மா என்னைப் பார்த்து, கடைசி ஞாயிறு கூடவா டூட்டி என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொல்லும்போது நாக்கு கூசியது, பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கூசியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் அன்று அறுபது பேர் இருக்கும். புழுக்கம், வியர்வை, அப்படி ஒரு உற்சாகம். சீரியல் செட் அண்ணா பாடின பாட்டுக்கு டம்ளர்கள் பறந்தன. நாலு மணிக்கு நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தேன், மடியில் ஒரு ஜோடி கிளவுஸ். எனக்கு முன்னால் பெரும்பாக்கத்துக்காரி மட்டும்தான். அவள் மைக்கைக் கையில் எடுக்கிறாள், பின்பக்க ஷட்டர் கடகடவென்று தூக்கப்படுகிறது, இரண்டு பிரியாணி அண்டாக்கள் உள்ளே வருகின்றன.

அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு சமையல் மாஸ்டர், அவருக்குப் பின்னால் நாலு மூட்டை வெங்காயம். மாஸ்டர் எங்களைப் பார்த்தார், நாங்கள் மாஸ்டரைப் பார்த்தோம். யார் நீங்க, ரிசப்ஷனுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க என்று கேட்டார்.

அண்ணா மேனேஜருக்கு ஃபோன் போட்டார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டது எங்களுக்கே கேட்டது. முந்தாநாள் ஏதோ ஒரு ஹாலில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்விட்டதாம், அவசரமாகக் கேட்டார்களாம், ஆடிதானே, காலிதானே என்று கொடுத்துவிட்டாராம். எங்கள் ஞாபகமே அவருக்கு இல்லை. எப்படி இருக்கும், நாங்கள் எந்த நோட்டிலும் இல்லாதவர்கள். அண்ணாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆடியில எவன்யா கல்யாணம் பண்ணுவான் என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் மாஸ்டரின் ஆட்கள் பிளெக்ஸ் பேனரை விரித்தார்கள். அதில் பொண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் அண்ணன் மகள், அக்கா வீட்டில் என்னோடு உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்ட பொண்ணு. நான் வரவில்லை என்றுவிட்டதால், ஹால் மாறின சேதி என் காதுக்கு வரவே இல்லை.

"நாங்க பண்ணுவோம்ண்ணா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தாம்பரத்தில் தடுக்கி விழுந்தால் சர்ச். ஆடியில் மண்டபம் லேசாகக் கிடைக்கும் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஹிந்துப் பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தார்கள், சரி. மூன்று வருஷமாக அந்தக் காலண்டரைப் பார்த்து, சரியான நாள்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தவச்சி நான். எனக்காவது உறைக்க வேண்டாமா? ஒரு தடவை கூடத் தோன்றவில்லை.

ஜமக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே இருந்தேன். முடிந்தது, அவ்வளவுதான், புதன்கிழமை ஃப்ளைட். பெரும்பாக்கத்துக்காரி மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். நான் மார்கழியில் பாத்துக்குவேன், நீ ஏறு என்றாள். அண்ணா மாஸ்டரிடம் போய் ஐந்தே நிமிஷம் என்று கெஞ்சினார். மாஸ்டர் பெரிய மனுஷர். நாங்க பாட்டுக்கு ஓரமா வெங்காயம் உரிச்சிக்கறோம், நீங்க நடத்துங்க என்றார். ரிசப்ஷன் ஆறு மணிக்கு. இப்போது நாலரைதான். அக்கா வருவதற்குள் ஓடிவிடலாம்.

குழாயில் கிளவுஸை நிரப்பினேன். ஐந்து விரலும் புடைத்து, பால் கறக்காத மாட்டு மடி மாதிரி ஆகிவிட்டது. வாயை இறுக்கிக் கட்டி, சீரியல் செட் மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டேன். மேஜை மேல் ஏறினேன். ஆரம்பித்தேன்.

எங்க அம்மா காலையில பசியாறாமலேயே மோட்டார் ஏறி வேலைக்குப் போவாங்க என்று முதல் வரி. பசியாறாமல் என்ற வார்த்தைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மோட்டார் என்றால் எங்கள் ஊரில் பைக், அதற்கும் சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் கத்தியை வைத்துவிட்டார்கள். ஐந்து வருஷமாகப் பூட்டி வைத்த பேச்சு தானாக வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். படிக்கட்டின் கடைசிப் படியில் அக்கா நின்றார். பொண்ணுக்கு அத்தை ஆயிற்றே, சாப்பாட்டைப் பார்க்கச் சீக்கிரமே வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில், இரண்டு நாள் முன்னால் வாங்கின பட்டுப்புடவையில், என் அம்மா.

அடுத்த வரி எங்கே போனதோ தெரியவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கிளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து வந்தார், கூட்டம் வழிவிட்டது. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னாம்மா இது, வெளிய ஈரமா இருக்கு? துடைக்காம தொங்கவிட்டா எது ஓட்டை, எது ஈரம்னு எப்படித் தெரியும்?"

சொல்லிக்கொண்டே புதுப் பட்டுப்புடவை முந்தானையை எடுத்து கிளவுஸைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, விரலுக்கும் விரலுக்கும் நடுவில், அடியில், ஒரு இடம் விடாமல். அக்கா படியிலிருந்து, ஐயோ சிஸ்டர், பட்டு, பட்டு என்றார். அம்மா காதில் விழவில்லை. துடைத்து முடித்து ஒரு அடி பின்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பதான் ரெண்டு நிமிஷம் ஆரம்பிக்குது," என்றார்.

அம்மா வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த முதுகை, அந்த நிற்பை நான் பார்த்ததே இல்லை. நான் எழுதின ஆறு வரி ஞாபகத்துக்கு வந்தது, வெட்கமாக இருந்தது. ஆளே எதிரில் நிற்கும்போது எனக்கெதற்குக் கற்பனை? மைக்கிலேயே கேட்டுவிட்டேன், இந்த ரெண்டு நிமிஷமும் நீங்க என்னம்மா நினைப்பீங்க என்று.

அம்மா கிளவுஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முன்னெல்லாம் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நீ இங்க படிக்க வந்ததுக்கு அப்புறம், இத நீ போட்டுக்குவியோன்னு நினைப்பேன். அதனால ரெண்டு நிமிஷத்துக்கு மேலயே பாப்பேன். சூப்பர்வைசர் ஏசுவாரு."

யாரோ ஒரு டம்ளரைத் தட்ட ஆரம்பித்தார்கள். அம்மா திரும்பாமலே கையைத் தூக்கி, இருங்க, இன்னும் முடியல என்றார். டம்ளர் நின்றது. அறுபது பேரும், மாஸ்டரும், அவர் ஆட்களும், பட்டுப்புடவையை மறந்துவிட்ட அக்காவும் அந்த ஐந்து விரல் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

அம்மா தலையை ஆட்டினார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதான் உன் டூட்டியா?"

"ஆமாம்மா," என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா சுற்றிலும் பார்த்தார். உட்கார ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. போய் அந்த மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையை மடியில் போட்டுக்கொண்டார்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றார். "நான் பாதியிலதான வந்தேன்."